தகுதியை அளக்கும் கோல்

சங்கரன்கோவிலில் ஆண்டுதோறும் ஆடித்தவசு விழாவிற்குக் கூடும் பெருங்கூட்டத்தார்க்கு அவ்வூர்க் கோயிற்கதை நன்றாகத் தெரியும். சங்கன், பதுமன் என நாக அரசர் இருவர். சிவனே பெரியன் என்றான் ஒருவன். திருமாலே பெரியன் என்றான் மற்றவன். வழக்கு வளர்ந்ததேயன்றி முடிந்தபாடில்லை. இறுதியிற் கோமதியம்மை தவங்கிடந்து, இருவரும் ஓருருவாய் நிற்கக் காட்டி அதனைத் தீர்த்துவைத்தாள் என்பர். கதையின் மெய்ம்மை எவ்வாறாயினும் ஆகுக. பெரியவர் யார் என்னும் வழக்குப் பெரும்பாலும் அளப்பவன் கையிலுள்ள கோலைப் பற்றிய வழக்கே என்பதை அக் கதை கட்டியவன் அறிந்திருந்தான் போலும்!

அதே சங்கரன்கோவிலில், 1902-ஆம் ஆண்டு பிப்பிரவரி 7-ஆம் பக்கல், ஞானமுத்து, பரிபூரணம் என்னும் கிறித்தவ இணையர்க்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. இளமையிலேயே பெற்றோர் இருவரையும் இழந்து, உடன்பிறந்தார் அரவணைப்பில் வளர்ந்து, ஓர் ஆங்கிலத் துரையார் கடனாகக் கொடுத்த பணத்தாற் பாளையங்கோட்டையில் உயர்நிலைப் பள்ளிக் கல்வியை முடித்தது. அம் மகவே பின்னாளில் மொழிஞாயிறு ஞா. தேவநேயப் பாவாணர் எனத் தமிழுலகம் போற்றிய பேரறிஞர். ஒரு குமுகாயம் தன்னுள் தோன்றும் தகுதியை எவ்வாறு அளக்கின்றது, அளந்தபின் என்ன கூலி கொடுக்கின்றது என்பதை அறிய விரும்புவார்க்கு அவர் வாழ்க்கையினும் தெளிவான சான்று வேறொன்று வேண்டியதில்லை.

தகுதி என்னுஞ் சொல்லையே முதற்கண் எடுத்துக்கொள்க. தகுதல் என்பது பொருந்துதல், ஏற்றதாதல். தக்கது, தகவு, தகைமை, தக்கார் என்பனவெல்லாம் அவ் வேரிற் கிளைத்தனவே. ஆகவே, தகுதி என்பது தனித்து நிற்கும் பொருளன்று, 'எதற்கு?' என்னும் வினா எப்போதும் அதன் பின்னே நின்றுகொண்டிருக்கும். ஏரின் கொழு உழவிற்குத் தகும், தையலுக்குத் தகாது. ஊசி தையலுக்குத் தகும், உழவிற்குத் தகாது. கொழுவினிடம் நூல் கோக்கச் சொல்லி, அது தோற்றுவிட்டதென்று தீர்ப்பெழுதித் தள்ளுவாரும் உலகில் உளர். தகுதி, திறமை என்று மேடைதோறும் முழங்குவாரை 'எதற்குத் தகுதி? அளந்தவர் எவர்? கோல் செய்தவர் எவர்?' என மூன்று வினா வினவின், முழக்கம் அந்த அளவில் நின்றுவிடும்.

கோல் பெரும்பாலும் அதனைச் செய்தவன் அளவிற்கே செய்யப்படும் என்பதற்குத் தமிழ்நாட்டுக் கல்லே சான்று கூறும். முதற் பராந்தகன் காலத்தில், 10-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலை முறைக்காக இன்று உலகெங்கும் புகழப்படுகின்றன. புகழத் தக்கவையே. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவினரும் மீண்டும் குடத்தில் இடம் பெறலாகாது என்னும் நெறியை இற்றைக்குக் கொண்டுவரின், நாற்காலிகள் பல வெறுமையாகிவிடும். ஆயின், எவன் பெயர் குடத்துள் போகலாம்? இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவனாதல் வேண்டும். தன் மனையிற் கட்டிய வீட்டிற் குடியிருத்தல் வேண்டும். 35 அகவைக்கு மேற்பட்டு 70-க்கு உட்பட்டவனாதல் வேண்டும். ஆரிய வேதத்தின் மந்திரமும் பிராமணமும் கற்றவனாதல் வேண்டும். நிலம் அரைக்கால் வேலியே உடையவனாயினும், ஒரு வேதமும் ஒரு பாடியமும் வல்லவனாயின் அவனுக்கும் இடமுண்டு. அஃதாவது, நிலக்குறையை வேதம் நிரப்பும். ஏரியிற் சேறு சுமந்தவனுக்கும், மடைதிறந்து நீர்பாய்ச்சியவனுக்கும், நெல் விளைத்தவனுக்கும் அவர்தம் குறையை நிரப்பும் கல்வி ஒன்றும் வகுக்கப்படவில்லை. செயற்றிறமும் தூய ஒழுக்கமும் அக் கல்வெட்டிற் கேட்கப்பட்டுள்ளன என்பது உண்மையே. ஆயின், குடத்தருகே வர இசைவு பெற்றாரிடத்து மட்டுமே அவை கேட்கப்பட்டன. அது பிராமணர்க்கு விடப்பட்ட ஊரின் அவையாதலின் அவர்க்கேற்ற கோலை வகுத்தனர் என்று அறிஞர் சிலர் அமைதி கூறுவர். ஈண்டுச் சொல்ல வந்ததும் அதுவே.

மேலை நாட்டாரும் இவ் வகையில் மேம்பட்டவரல்லர். தகுதியுடையார் ஆளும் ஆட்சி என்னும் பொருளில் இன்று வழங்கும் ஆங்கிலச் சொல்லைப் பரப்பியது, மைக்கேல் யங்கு என்னும் ஆங்கிலக் குமுகவியலார் 1958-இல் எழுதிய நூல். அதனை அவர் ஓர் எள்ளல் நூலாகவே எழுதினார். மதிநுட்பத்தை எண்ணால் அளந்து மேலோர் கீழோர் எனப் பிரிக்கும் நாடு எத்துணைக் கொடியதாகும் என்று காட்டவே எழுதினார். அவர் எள்ளியதையே அரசியலார் கொள்கையாக ஏந்தித் திரிந்தனர். 2001-இல், தம் முதுமையில், அதனைக் கண்டித்து அவரே இதழில் எழுத வேண்டியதாயிற்று.

இனிப் பாவாணர்க்கு வருவோமாக. முறம்பிலும் ஆம்பூரிலும் தொடங்கிச் சென்னை, மன்னார்குடி, திருச்சிராப்பள்ளி எனப் பல ஊர்ப் பள்ளிகளிற் பல்லாண்டு தமிழாசிரியராக உழைத்தவர் அவர். பள்ளி வேலை முடிந்தபின் எஞ்சிய பொழுதெல்லாம் மொழிநூலாராய்ச்சிக்கே சென்றது. திராவிட, ஆரிய, மேலை மொழிகளின் இலக்கணங்களைத் தாமே கற்று, சொற்களை வேர்வேராய்ப் பிரித்து ஒப்புநோக்கினார். அவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை இல்லை, ஓய்வாண்டு இல்லை, பெரிய நூலகம் பக்கத்தில் இல்லை. அந்நிலையில், திராவிட மரபு தோன்றிய இடம் குமரிநாடே என்னும் இடுநூலை எழுதிக் கீழைக்கலை முதுவர்ப் பட்டத்திற்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு விடுத்தார். அது ஏற்கப்படவில்லை.

ஈண்டுச் சற்று நின்று நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். பாவாணர் முடிபுகள் அனைத்தையும் அனைவரும் ஒப்புகின்றனர் என்று சொல்வதற்கில்லை. குமரிநாட்டைப் பற்றி நிலநூலாரும், தமிழே ஞாலமுதன்மொழி என்பது பற்றி மொழியியலாரும் இற்றைவரை மாறுபட்டே நிற்கின்றனர். மாறுபடுவது அறிஞர் உரிமை; அவ் வுரிமையைப் பாவாணரே தம்மினும் பெரியவர் பலரிடத்து அஞ்சாது செலுத்தியவர். ஆயின், மறுத்தல் வேறு, தள்ளல் வேறு. மறுப்பவன் சொல்லுக்குச் சொல் எடுத்து, இந்த வேர் இங்ஙனம் திரியாது, இந்தச் சான்று இவ்விடத்திற் பொருந்தாது என்று காட்டக் கடமைப்பட்டவன். தள்ளுபவனுக்கு அக் கடமை ஒன்றுமில்லை. ஒரு வரி போதும். மறுக்கப்பட்டவன் கற்றுக்கொள்கின்றான், அல்லது விடை கூறுகின்றான். இரண்டாலும் அறிவு வளர்கின்றது. தள்ளப்பட்டவனாலோ எவரும் ஒன்றும் பெறுவதில்லை. எந்தப் பல்கலைக்கழகமாயினும், ஓர் ஆய்வைத் தள்ளும்போது அதன் கரணியங்களை விரிவாக எழுதி, ஆய்ந்தவன் கையிற் கொடுக்கக் கடமைப்பட்டது என்று நெறி வகுப்பின், தகுதியைப் பற்றிய வழக்கிற் பாதி ஒழியும்.

பாவாணர் சோர்ந்திருக்கவில்லை. பட்டத்திற்கு எழுதுவதை விட்டு நாட்டிற்கு எழுதத் தொடங்கினார். 1940-இல் ஒப்பியன் மொழிநூல் வெளிவந்தது. 1944-இல் திரவிடத்தாய், 1949-இற் சொல்லாராய்ச்சிக் கட்டுரைகள், 1953-இல் முதற்றாய்மொழி எனத் தொடர்ந்து நூல்கள் வந்தன. 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியிற் பணியாற்றிய பன்னீராண்டும் அவர் வாழ்வில் ஓரளவு அமைதி கண்ட காலம். அங்கு அவர்க்கு மாணவராய் வாய்த்தவருள் ஒருவரே பின்னாளிற் பாவலரேறு எனப் புகழ்பெற்ற பெருஞ்சித்திரனார். நல்ல தகுதியை நல்ல இடத்தில் வைத்தால் அது தன்னைப்போன்ற தகுதியை ஈனும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

1956-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் திராவிட மொழியாராய்ச்சிக்கு அவரை அமர்த்தியது. வேண்டிய இடமும் நூலகமும் ஓய்வும் வாழ்க்கையில் முதன்முறையாக ஒருங்கே வாய்த்தன. ஐந்தாண்டே. மேலிருந்தோர் ஆய்வுமுறையும் அவர் ஆய்வுமுறையும் பொருந்தாமையால் 1961-இல் அங்கிருந்து வெளியேறினார். அப்போது அவர்க்கு அகவை 59. அதே ஆண்டில், சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதியின் சீர்கேடுகள் என்னும் நூலையும் வெளியிட்டார்.

அந் நூலின் பின்னணி அறியத் தக்கது. சென்னைப் பல்கலைக்கழகம் தன் பேரகராதி வேலையை 1913-இல் தொடங்கி, 1936-க்குள் ஆறு மடலங்களும், 1939-இற் பின்னிணைப்பு மடலமுமாக வெளியிட்டது. நூறாயிரத்திற்கு மேற்பட்ட சொற்கள். கால் நூற்றாண்டு உழைப்பு. அதன் பயனை இன்றும் தமிழாய்வார் எவரும் மறுக்கவியலாது. பாவாணர் குறை கண்டது இரண்டிடத்தில்: தமிழ்ச்சொற்கள் பலவற்றிற்கு வடமொழி வேர் காட்டியிருப்பது ஒன்று, நாட்டுப்புறத்து வாழும் சொற்கள் மிகுதியாக விடுபட்டிருப்பது மற்றொன்று. முன்னதைப் பற்றி மொழிநூலார் இன்னும் வழக்காடுவர். பின்னதைப் பற்றி வழக்கே இல்லை. ஊர்ப்புறத்தில் ஒரு நாள் தங்கிக் காதைத் திறந்து வைத்தவன் எவனும் அதனை உணர்வான்.

நெல்லின் அடியைத் தாள் என்பான் உழவன். கீரையின் அடியைத் தண்டு என்பான். சோளத்தின் அடியைத் தட்டை என்பான். கரும்பின் அடியைக் கழி என்பான். மூங்கிலின் அடியைக் கழை என்பான். இவ் வேறுபாட்டை அவன் எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை. சங்கரன்கோவிலைச் சுற்றிய கரிசற்காட்டிற் களைவெட்டும் பெண் ஒருத்தி, ஒரு நாட்பொழுதில் வாய்தவறாது வழங்கும் செடிகொடிப் பெயர்களையும் பயிர்வினைச் சொற்களையும் தொகுத்தெழுதின் ஓர் ஏடு நிரம்பும். அவளுக்கு எழுத்தறிவு இல்லையாயின் கல்லாதவள் என்று கணக்கெடுப்பில் எழுதுவர். அவள் வாய்ச்சொல்லைக் குறித்துக்கொண்டு போய் ஆய்வேடு எழுதுபவனைப் பேரறிஞன் என்பர். அவ் வாய்வேட்டின் முன்னுரையில் நன்றி பெறுவோர் நெறியாளரும் துறைத்தலைவரும் தட்டச்சரும்; களைவெட்டியவள் அல்லள். பாவாணரின் பெருந்தகுதி யாதெனின், அவள் நாவில் இருப்பது கல்வி என்று கண்டதே. பட்டம் பெற்றார் பலர் காணாத அதனை, நெல்லைச் சீமையிற் பிறந்து, பள்ளியாசிரியராய் ஊரூராய் அலைந்த ஒருவர் கண்டார்.

இனி, தள்ளப்பட்ட தகுதி வேறொரு கோலிடம் சென்றபோது நேர்ந்த ஒரு நிகழ்ச்சியையும் ஒப்புநோக்குதல் நன்று. கணக்கறிஞர் இராமானுசன் கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரித் தேர்வில் மீண்டும் மீண்டும் தோற்றவர். பிராமணக் குடியிற் பிறந்தும், அந்தத் தேர்வுக்கோல் அவரையும் விட்டுவைக்கவில்லை என்பது கருதத் தக்கது. எல்லாப் பாடத்திலும் தேறவேண்டுமென்பது அதன் நெறி. அவர்க்கோ கணக்கொன்றே உலகம். 1912-இற் சென்னைத் துறைமுகத்தில் திங்களுக்கு 30 உருபா சம்பளத்தில் எழுத்தராய் அமர்ந்தார். 1913-இன் தொடக்கத்தில் கேம்பிரிட்சிலிருந்த ஆர்டிக்கு மடல் எழுதினார். அதற்குமுன் அங்கிருந்த வேறு கணக்கறிஞர்க்கும் எழுதியிருந்தார், பயனில்லை. ஆர்டி என்ன செய்தார்? பட்டம் என்ன என்று கேட்கவில்லை. தாளிலிருந்த கணக்கைப் படித்தார். நண்பர் இலிட்டில்வுட்டுடன் இருந்து படித்து, எழுதியவன் பேரறிவன் என்று முடிவு கட்டினார். தேர்வில் தோற்றவர்க்குச் சென்னைப் பல்கலைக்கழகமே அவ்வாண்டு திங்களுக்கு 75 உருபா ஆராய்ச்சி உதவி வழங்கியது. 1918-இல் இலண்டன் அரசக் கழகம் அவரைத் தன் உறுப்பினராக்கியது.

இந் நிகழ்ச்சியைச் சொல்லி மகிழாத பள்ளிக்கூடம் தமிழ்நாட்டில் இல்லை. ஆனால், அதிலிருந்து நாடு கற்றுக்கொண்டது யாது? இராமானுசனைப் போன்ற ஒருவர் தோன்றினார் என்று பெருமை கொள்ளவே கற்றுக்கொண்டது. ஆர்டியைப்போற் படித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளவில்லை. வெள்ளைக்காரன் ஒருவன் படித்துப் பார்த்துச் சொல்லும்வரை இங்குள்ளார் கண்ணுக்கு அந்தத் தாள் வெறுந்தாளாகவே இருந்தது. பாவாணர் ஆராய்ந்ததோ தமிழ். அதைப் படித்துப் பார்த்துச் சொல்ல வெளியிலிருந்து எவர் வருவார்?

1961 முதல் 1974 வரை, பதின்மூன்று ஆண்டு, பாவாணர்க்கு எந்தக் கல்லூரியிலும் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இடமில்லை. காட்பாடியிற் குடியிருந்தார். 1963-இல் துணைவியார் நேசமணியம்மையார் மறைந்தார். அவர் பெயராலேயே பதிப்பகம் அமைத்து, நூல்களைத் தாமே அச்சிட்டார். 1966-இல் உலக முதற்செம்மொழி தமிழே என நாட்டும் ஆங்கில நூல். 1967-இல் தமிழ் வரலாறும் வடமொழி வரலாறும். 1969-இல் திருக்குறள் தமிழ் மரபுரை. எழுதுவதும் அவர்; மெய்ப்புத் திருத்துவதும் அவர்; அச்சகக் கடனுக்கு விடை சொல்வதும் அவர். அறுபது கடந்த அகவையில் ஒரு மொழிநூலறிஞன் செய்யத்தக்க வேலையா இது என்று எவரும் கேட்கவில்லை.

எவரும் என்று சொல்லும்போது தமிழ்ப்பகைவரை மட்டும் சுட்டுவது எளிது. நடுநிலை அதற்கு இடந்தராது. தமிழ்ப்பற்றாளர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வாரும் இக் கணக்கிற்கு உட்பட்டவரே. பட்டம் சூட்ட விழா எடுத்தோர் பலர். ஆடை போர்த்தியோர் பலர். ஞாயிறு என்றும் திங்கள் என்றும் விளித்தோர் பலர். அவருள் எத்துணைப் பேர் ஒரு நூலை விலைகொடுத்து வாங்கினர்? வாங்கியவருள் எத்துணைப் பேர் பக்கம் பிரித்துப் படித்தனர்? பட்டம் சூட்டுவார்க்கு அன்றொருநாட் செலவு. தாங்குவார்க்கு ஆயுட்காலச் செலவு. தாங்கியவர் சிலரே. பெருஞ்சித்திரனார் தென்மொழி வாயிலாக வேண்டியபின், சொற்பிறப்பியல் அகரமுதலி வேலைக்கென்று திங்கள்தோறும் தம் சிறுவருவாயிற் பகுத்துப் பணம் விடுத்த ஆசிரியரும் எழுத்தரும் கைத்தொழிலாளரும் அவர்கள். அரசு செய்யத் தவறியதை அவ் வெளியவர்கள் செய்தனர். எது தகுதி என்பதைப் பல்கலைக்கழகக் குழுக்களினும் அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

1974-இல் தமிழ்நாட்டரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தைத் தொடங்கிப் பாவாணரை அதன் இயக்குநராக்கியது. அச் செயலுக்கு நன்றி கூறாதிருத்தல் முறையன்று. அகவையைக் காட்டித் தட்டிக் கழிக்காமல், 72 அகவையினரை அரசு ஒரு துறைக்குத் தலைவராக்கியது அரிய செயலே. ஆயின், அதனாலேயே இன்னொன்றும் தெரியவருகின்றது: அரசு விரும்பினால் எந்த நெறியும் குறுக்கே நில்லாது. 72-இல் குறுக்கே நில்லாதது 59-இல் மட்டும் ஏன் நின்றது?

ஓர் அகரமுதலி ஒரு தலைமுறையின் வேலை. இளைஞர் கூட்டம் ஒன்றைப் பயிற்றி, ஊரூராய் அனுப்பிச் சொல் தொகுத்து, ஒவ்வொரு சொல்லின் வேரையும் கிளையையும் திரிபையும் ஆய்ந்து, அச்சேற்றுதல் வேண்டும். பாவாணர்க்குக் கிடைத்தவை ஏழாண்டினும் குறைந்த காலம். அதுவும் உடல் தளர்ந்த காலம். 1981 சனவரியில் மதுரையில் நிகழ்ந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் உரையாற்றியபின் நோய்வாய்ப்பட்டு, அதே திங்களில் அந் நகரிலேயே உயிர்நீத்தார். அகரமுதலியின் முதற்பகுதி 1985-இல் வெளிவந்தது. அவர் அதனைக் காணவில்லை. பின்வந்தோர் உழைப்பால் 31 பகுதிகளாக வேலை நிறைவெய்தியது 2011-இல். அவர் மறைந்து முப்பதாண்டு கழிந்திருந்தது.

இழப்பு எவர்க்கு என்பதைத்தான் கணக்கிட வேண்டும். காட்பாடிக் காலத்து வறுமை பாவாணர் பட்டது. அது அவரோடு முடிந்தது. ஒரு சொல்லைக் கண்டவுடன் அதன் இனச்சொற்கள் முப்பதை நிரல்பட நிறுத்தும் நினைவாற்றல், நெல்லையிலிருந்து வடார்க்காடு வரை பல சீமை வழக்கையும் கேட்டறிந்த காது, தமிழிலக்கணத்தையும் மேலைமொழி இலக்கணத்தையும் ஒருங்கே ஆண்ட பயிற்சி, இவை மூன்றும் ஒரே தலையில் இருந்த அந்த இருபதாண்டில் எழுதப்பட்டிருக்க வேண்டிய மடலங்கள் எழுதப்படவில்லை. அவ் விழப்பு அவரோடு முடியவில்லை. அக் காலத்தில் உயிரோடிருந்த முதியவர் வாயில் வழங்கிய சொற்களும் அவர்களோடு போயின. கமலை போயிற்று, கமலையின் உறுப்புப் பெயர்கள் போயின. கைத்தறிக் குழிகள் தூர்ந்தன. தறிச் சொற்கள் தூர்ந்தன. தகுதியைத் தவறாக அளந்தவன் அந்தத் தகுதியாளனுக்கு மட்டும் தீங்கு செய்தான் என்று எண்ணுவது பெரும் பிழை.

அதன்பின் வந்த சிறப்புகளோ பல. 1996-இல் அவர் நூல்கள் நாட்டுடைமையாயின. 2006-இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. சென்னை அண்ணாசாலையிலுள்ள மாவட்ட மைய நூலகம் அவர் பெயர் தாங்கியுள்ளது. மதுரையில் மணிமண்டபம் எழுந்தது. அவர் இளமையில் ஆசிரியராயிருந்த முறம்பிற் பாவாணர் கோட்டம் எழுந்தது. இவையனைத்தும் வேண்டியவையே, ஒன்றும் மிகையன்று. ஆயினும், இறந்தவரைச் சிறப்பிப்பதில் ஓர் ஏந்து உண்டு. இறந்தவர் நூலகம் கேட்கமாட்டார், உதவியாளர் கேட்கமாட்டார், தம் முடிபை மறுத்தவனிடம் சான்று கேட்கமாட்டார்.

எனவே, இன்று கேட்கத்தக்க வினா பாவாணரைப் பற்றியதன்று. இன்று எந்தச் சிற்றூரில், எந்தப் பள்ளியில், எந்த ஆசிரியர் பட்டமில்லாத ஆய்வொன்றைப் பெட்டியில் வைத்திருக்கின்றார்? எந்த நெசவாளர் தறிச்சொற்களைக் குறித்து வைத்திருக்கின்றார்? எந்த மருத்துவச்சி மூலிகைப் பெயர்களை எவரும் கேளாமையால் மறந்துகொண்டிருக்கின்றார்? தமிழ்த்துறைகள் மாவட்டந்தோறும் உள்ளன. ஆண்டுதோறும் ஆய்வேடுகள் குவிகின்றன. துறைக்கு ஓர் ஆசிரியர், ஆண்டிற்கு ஒரு திங்கள், பட்டம் கேளாது சென்று பெட்டியைத் திறந்து படித்துப் பார்ப்பதென்று வைத்துக்கொண்டால் பெருஞ்செலவொன்றும் இல்லை. வேண்டுவது படிக்கும் பொறுமையே. தமிழன்பர் மன்றங்களும் ஆண்டில் ஒரு பட்டமளிப்பு விழாவைக் குறைத்து, அப் பணத்தில் ஒரு கையெழுத்துப் படியை அச்சேற்றலாம்.

தமிழில் கற்றவன் தகுதியற்றவன் என்னும் கருத்தை உடைக்க அரசும் சில செய்துள்ளது. தமிழ்வழியிற் படித்தார்க்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. பட்டத்தை மட்டும் தமிழிற் பெற்று இடம்பிடித்தவரைத் தடுக்க, பள்ளிக் கல்வியும் தமிழ்வழியில் இருத்தல் வேண்டுமென்று 2020-இல் அது திருத்தப்பட்டது. நல்லதே. ஆயினும், அது வேலைவாயிலில் வைத்த விளக்கு. அதற்கு முன்னுள்ள கல்லூரி வாயில் இருண்டே கிடக்கின்றது.

2019-இல் வந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் பாவாணரின் கட்டுரையொன்று இடம்பெற்றது. தமிழின் சொல்வளத்தைப் பற்றியது. தாளும் தண்டும் தட்டையும் கழியும் அங்கே பாடமாயின. பட்டத்திற்கு ஏலாது என்று ஒருகால் தள்ளப்பட்டவர் கைச்சொற்கள் இன்று மாணவர் இலக்கக்கணக்கானோர் கையில் உள்ளன. சங்கரன்கோவிற் பள்ளியொன்றில், கரிசற்காட்டிலிருந்து பேருந்தேறி வரும் பெண்பிள்ளை அதனைப் படித்துத் தன் தாய் வயலிற் பேசுவது புத்தகத்தில் இருக்கக் கண்டு வியந்திருப்பாள். தமிழில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தும் வாங்கியிருக்கலாம். மேல்நிலை வகுப்பை முடித்து அவள் பொறியியற் கல்லூரி வாயிலுக்குச் செல்லும்போது கணக்கும் இயற்பியலும் வேதியியலும் எண்ணப்படும். மருத்துவக் கல்லூரி வாயிலுக்குச் சென்றால் 2017 முதல் நடுவணரசின் நுழைவுத் தேர்வு மதிப்பெண் எண்ணப்படும். தமிழில் அவள் வாங்கிய மதிப்பெண்ணை எந்த வாயிலிலும் எவரும் கேட்கமாட்டார்.